நோகாத கால்

அண்ணன்,

வாசலில் ஒரு சோடிப் புதுச் செருப்புக் கிடக்கிறது. கிளினிக்கில் கொடுத்தது. வீடெல்லாம் இறப்பர் மணம். எனக்கும் சீனி வருத்தம் வந்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

சுனாமியன்று வாகரையில் கடல் உங்கள் வீட்டையும் மச்சாளையும் கொண்டுபோனது. பிறகு சண்டை துரத்தியது. முகாமில் தந்ததெல்லாம் கோதுமை மாவும் சீனியும்தான். வலை வீசித் திரிந்த உடம்பு கூடாரத்துக்குள் சும்மா கிடந்தது. உங்கள் சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசையும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. "தாறதத்தானே திங்கலாம்" என்றீர்கள். அதில் என்ன பிழை சொல்ல?

இன்சுலினுக்கு உடம்பு மசியாவிட்டால் சீனி இரத்தத்திலேயே தேங்குமாம். அது நரம்புகளை மெல்ல மெல்லச் சாகடிக்குமாம். ஆக நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதால் முதலில் மரத்துப்போவதும் பாதம்தானாம். கிளினிக்கில் தாதியாக இருக்கிற மிஸி எனக்குப் படம் காட்டிச் சொன்னாள். உங்களுக்கு அப்படி விளக்கிச் சொல்ல ஆளிருக்கவில்லை.

சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது நிவாரணத்தில் ஒரு தோணி கிடைத்தது. உங்கள் முகத்தில் சிரிப்பைக் கண்டது அன்றைக்குத்தான். வெறுங்காலோடு திரிய வேண்டாமென்று டொக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்த, என்மேல் பாய்ந்தீர்கள்.

"செருப்போட தோணிக்குள்ள ஏறுறதா? சோறு போடுற தோணிகா அது!"

நம்மாட்கள் எல்லோரும் கரையில் கழற்றிவிட்டுத்தானே ஏறுவார்கள். சேற்றில் இறங்கித் தோணியைத் தள்ளும்போது மட்டி ஓடு உள்ளங்காலைக் கிழித்தது. இரத்தத்தைக் கண்டு நான் கத்த, நீங்கள் சிரித்தீர்கள்.

"ஒண்டும் நோகல்லகா."

நோகாவிட்டால் ஆறிவிட்டதென்று இருவரும் நம்பினோம். கடலுக்கும் ஷெல்லுக்கும் தப்பிய மனிசன் மட்டி ஓட்டுக்கா போவார்? புண் மணக்கத் தொடங்கிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு காலை. அதற்குப் பிறகு நீங்களும் இல்லை.

நான் எல்லாம் செய்கிறேன், அண்ணன். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. குரக்கன் பிட்டு அவிக்கிறேன். பின்னேரம் வாவிக்கரையால் நடக்கிறேன். கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். ஆனால் வருத்தம் தெரியவருமுன் எத்தனை காலம் உள்ளே இருந்ததோ, யாருக்குத் தெரியும்? செத்த நரம்பு திரும்பாதென்று மிஸியே சொல்லிவிட்டாள்.

நேற்று அவள் என்னைக் கண்ணை மூடச் சொன்னாள். நீங்கள் வலை முடிகிற தங்கூசி மாதிரி ஒரு நைலோன் நூல் அவள் கையில் இருந்தது.

"கால்ல தொடுவன். தெரிஞ்சாச் சொல்லுங்க."

காத்திருந்தேன்.

"இன்னும் தொடல்லியா மிஸி?"

கண்ணைத் திறந்தேன். நூல் என் பெருவிரலில் அழுந்தி வளைந்து நின்றது.

எனக்கும் ஒன்றும் நோகவில்லை, அண்ணன்.