வெளியூர் லைன் எங்களுடையதில்லை

டென்வர், பிப்ரவரி 1988

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம்.

நான் ஆபரேட்டராயிருக்கும் டெலிபோன் கம்பெனியைத் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரித்ததிலிருந்து வெளியூர் லைன் எங்களுடையதில்லை. நேற்று ஒரு முதியவர் வெளியூரான ஒமாஹாவிலிருக்கும் தன் மகளுடன் பேச வேண்டும் என்றார்.

"அது வேற கம்பெனி, சார். நீங்களேதான் டயல் பண்ணணும்."

"கை நடுங்குதும்மா. எப்பவும் நீங்கதானே போட்டுக் குடுப்பீங்க?"

விதியை மறுபடி சொல்லித் துண்டித்தேன்.

ஒவ்வொரு அழைப்பையும் முப்பது செகண்டுக்குள் முடிக்காதவர்களை வேலையை விட்டு எடுக்கிறார்கள். மேற்பார்வையாளர் லோர்னா என் தோளைத் தட்டினாள். "இருபத்தெட்டே செகண்ட்! இனி உன் வேலைக்கு ஆபத்தில்லடி." நானும் சிரித்தேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. உனக்கு ஏதாவது ஒன்றென்றால் ஆபரேட்டரைக் கூப்பிடாதே. பக்கத்து வீட்டு வெல்டாவின் கதவைத் தட்டு. இடைவேளை முடிந்துவிட்டது.

உன் மகள்,
ஆர்டிஸ்