பெட்டிகள் வடக்கே போகலாமா

அன்புள்ள மொரிதோ அவர்களுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நலம். மலையில் இன்னும் மேகம்தான்.

மழையால் தேனீக்கள் வெளியே போகாமல், சேர்த்த தேனையே தின்று தீர்க்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். பூக்களைத் தேடித் தேனீப் பெட்டிகளை இப்போதே வடக்கே ஏற்றிப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சூரியனில் கரும்புள்ளிகள் அதிகம் என்பது உண்மை. அதனால்தான் மேல்காற்று திசைமாறி வசந்தத்திலும் மழை கொட்டுகிறது என்கிறார், எங்கள் சூரிய ஆய்வகத் தலைவர் ஒகாதா. அடுத்த அறை ஆய்வாளர் அதற்குச் சான்று போதாது என்கிறார்.

நேற்று ஒரு வேடிக்கை. ஒகாதா வெயில் வேண்டி, தொலைநோக்கிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணிப் பொம்மை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். சமையல்காரி கினுயோ அதைப் பார்த்துவிட்டாள்.

“கண்ண இப்பவே வரஞ்சிட்டீங்களே சார். வெயில் வந்தப்புறம்தான வரையணும்? கூலிய முன்னாடியே குடுத்துட்டா எவன் வேலை செய்வான்?”

“நான் இதெல்லாம் நம்புறவன் இல்லம்மா.”

“அப்புறம் எதுக்குக் கட்டுனீங்க?”

அவர் அதை அவிழ்த்துவிட்டு, முகமில்லாத இன்னொன்றைக் கட்டினார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், நீங்கள் பக்கத்தில் இல்லை என்பதை மறந்து, உங்களிடம் சொல்லத் திரும்பினேன்.

சூரியனைப் பார்ப்பவள் என்பதற்காக என் பேச்சை நம்பிப் பெட்டிகளை நகர்த்த வேண்டாம். அடுத்த வார மழை எனக்கும் தெரியாது.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். தேன் வேண்டாம், தேனீக்களுக்கே இருக்கட்டும்.

வடக்கே போகிற லாரி இந்த மலையடி வழியாகத்தான் போகும். அதற்காக முடிவெடுக்காதீர்கள். போவதென்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், நான் கீழே இறங்கி நிற்கிறேன்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள்
சயோகோ