ஒரே மூச்சில் ஒரு திட்டு

அன்புள்ள அண்ணி,

மாடி வீட்டில் சித்தரத்தை கொதிக்கும் வாசனை காலையிலிருந்து படிக்கட்டு வழியாக இறங்கி வந்துகொண்டிருக்கிறது. குழந்தைக்குச் சளியாம். இப்போது அவள் ஓடுகிறாள், பேசுகிறாள். நீங்கள் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில் அவளுக்குக் கழுத்தே சரியாக நிற்கவில்லை. அந்தக் கார்த்திகையில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தவளை யார் சொல்லியும் கீழே விடாமல் தோளிலேயே போட்டிருந்தீர்கள். அவள் உங்கள் முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். அதே முந்தானையால் நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

முதலில் இருமியது நான். நடிக்கிறேன் என்றீர்கள். பிறகு நீங்கள் இருமியபோது, அது படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய்வந்த வேனில் ஏசி போட்டதால் வந்தது என்றீர்கள். எனக்குச் சரியாகிவிட்டது. உங்களுக்கு நெஞ்சில் இறங்கி, மூச்சோடு விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன்.

அந்தப் பெண் டாக்டர் உங்கள் மூக்கிலிருந்து சளி எடுத்து வேலூருக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் ஆர்.எஸ்.வி. என்றார். கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி வருகிற கிருமி, வயதானவர்களையும் படுக்கையில் தள்ளிவிடும் என்று விளக்கினார். உங்களுக்கு அது பெரிய மானக்கேடாகப் போயிற்று.

“பல்லு மொளைக்காத புள்ளைக்கு வர்றது எனக்கு எப்படி வரும்?” என்று கேட்டீர்கள். உங்கள் பல் செட் வீட்டில் டம்ளர் தண்ணீரில் கிடந்தது.

இதற்கென்று தனி மாத்திரை இல்லை, ஓய்வும் கஞ்சித் தண்ணியும்தான், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஊசி போடாததில் அவர்மேல் உங்களுக்கு இருந்த மரியாதையும் போய்விட்டது. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரே மூச்சுல முழுசா பேச முடியுதான்னு பாத்துகினே இருங்கம்மா. பாதியில நின்னு மூச்சு வாங்கினா உடனே கூட்டிகினு வாங்க” என்றார்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் வாங்கினேன். உங்கள் கை எப்போதும் ஜில்லென்று இருந்ததால் அது வாய்க்கு வந்ததைக் காட்டியது. ஆனால் அண்ணி, உங்கள் பேச்சை அளக்க எனக்குக் கருவி எதற்கு? களம்பூர் அரிசி மில்லில் பல வருஷம் மேஸ்திரியாக இருந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், போனபின் இந்த வீட்டில் அந்தக் குரலுக்கு மிஞ்சிய ஒரே வேலையாள் நான்.

அதனால் உப்பு டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு, உப்பு போடாத கஞ்சியைக் கொடுத்தேன். “இன்னாடி இது, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?” என்று ஒரே மூச்சில் வந்தது. நிம்மதியாகப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். மறுநாள் சீரியல் நடுவில் டிவியை அணைத்தேன். என் பிறந்த வீடு வரைக்கும் இழுத்துத் திட்டினீர்கள். டாக்டருக்குப் போன் செய்து, நன்றாக இருக்கிறார் என்றேன்.

பிறகு ஒரு மத்தியானம் கஞ்சி நிஜமாகவே அடிபிடித்துவிட்டது. உப்பும் இல்லை. நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லா... இருக்குது” என்றீர்கள்.

இரண்டே வார்த்தை, நடுவில் ஒரு மூச்சு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலை நீங்கள் நல்லா இருக்குது என்று சொன்னதே கிடையாது. தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி, உங்களை அணைத்துப் பிடித்தபடி ஏற்றினேன். வழியெல்லாம் எதையாவது சொல்லுங்கள், திட்டுங்கள் என்று கெஞ்சினேன். நீங்கள் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

டாக்டர் உங்கள் முகத்தில் மூடி வைத்துப் புகை மாதிரி மருந்து கொடுத்தார். விசில் சத்தம் மெல்லக் குறைந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தீர்கள். பிறகு மூடியை நீங்களே தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தீர்கள்.

“டாக்டரு, இவ உப்பில்லாத கஞ்சிய ஊத்தியே என்னைக் கொல்லப் பாக்கறா, அதுவும் அடிபுடிச்ச கஞ்சி, கேட்டா ஒண்ணும் தெரியாதவ மாதிரி நிக்கறா பாருங்க.”

எங்குமே மூச்சு வாங்கவில்லை. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அதனால் சந்தேகம் கூடியிருக்க வேண்டும். நெஞ்சில் கருவி வைத்து நன்றாகக் கேட்டபின், வீட்டுக்கே கூட்டிப்போகலாம், திரும்ப இப்படி வந்தால் தாமதிக்க வேண்டாம் என்றார்.

இருமல் பொங்கல் வரைக்கும் இழுத்தது. கரும்பு வாங்கி வந்த அன்று நீங்களாகவே சொன்னீர்கள்: “உப்பு டப்பாவ நீ ஒளிச்சி வெச்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா? எனக்கும் மூச்சு வருதான்னு பாக்கணும் இல்ல. நீ எல்லாத்தையும் சரியா செஞ்சா நான் யாரைத் திட்டறது?”

போன ஆவணியில் மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். இருமல் இல்லை, இளைப்பு இல்லை. டாக்டர் வந்து பார்த்து, இதயம் நின்றிருக்கிறது என்றார்.

சென்ற வாரம் எனக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இப்போது என்னைச் சீண்ட ஆள் இல்லை. அதனால் வாசலில் போய் நின்று, நம் கேட்டை அடைத்து ஸ்கூட்டர் நிறுத்துகிற எதிர்வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அவர் பட்டுக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முழு வாக்கியமும் ஒரே மூச்சில் வந்தது, அண்ணி. முடிவில் ஒரு கெட்ட வார்த்தைக்கும் மூச்சு மிச்சம் இருந்தது. அந்த வார்த்தை உங்களுடையது.