சோளம் வேகும் முன்

செவ்வாய், மதியம்

அன்புள்ள ராய்ஸ்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. நீயும் ரென்னும் நாளை வெயில் ஏறுவதற்குள் மலைக்குடிலைப் பூட்டிவிட்டுக் கீழே வந்துவிட வேண்டும். லோவெல் வருவான் என்று வியாழன் வரை காத்திருக்காதே. மகள் பக்கத்தில் இருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடு. தனியாகப் படி.

இங்கே மூன்று நாளாகக் காலையில் மோஸின் தண்ணீர்க் கிண்ணத்தில் பனி ஏடு கட்டவில்லை. நீங்கள் கிளம்பிய அன்று அது கல்லாக உறைந்து கிடந்தது, நாய் நக்கிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தது. இப்போது இரவெல்லாம் மேகம் மூடிக்கிடக்கிறது. காற்றில் வந்த பாலைவனத்துச் செம்புழுதி வேறு பனிமேல் படிந்து வெயிலைக் குடிக்கிறது. நேற்று தகரக் கூரைப் பனி மொத்தமும் சரிந்து விழுந்த சத்தத்தில் மோஸ் மேஜைக்கடியில் ஒளிந்தது. இடம் இருந்திருந்தால் நானும் ஒளிந்திருப்பேன்.

சுற்றி வளைத்துப் பயனில்லை. இத்தனை வருஷம் உன்னோடு பனிச்சறுக்கிய லோவெல் போய்விட்டான், ராய்ஸ். ஞாயிற்றுக்கிழமை, பழைய சுரங்கத்துக்கு மேலே, அந்தக் கிழக்குச் சரிவில்.

கூடப் போன பீட் நம் சமையலறையில் உட்கார்ந்து அழுதான். "போலாம்டா, சூடேறுதுன்னு சொன்னேன். இருடா அவசரக்குடுக்கை, சோளம் இன்னும் வேகலன்னு சிரிச்சான். சாண்ட்விச்சுல பாதியப் பிச்சு எனக்குக் குடுத்தான்" என்றான். உங்கள் பாழாய்ப்போன சோளம்! இறுகின பனி வெயிலில் இளகி மணிமணியாய் உதிரும் பதம் வரட்டும் என்று உச்சியில் உட்கார்ந்து எத்தனை காலை காத்திருந்திருப்பீர்கள்! அன்று மேலே மெல்லிய ஓடுதான் இருந்தது, அடியில் வெறும் கஞ்சி. லோவெல் சறுக்கி இறங்கி இரண்டு திருப்பம் திரும்பினான், சரிவே கழன்று வந்துவிட்டது. மார்பில் கட்டியிருந்த பீக்கன் கருவியின் சத்தத்தை வைத்துப் பீட் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். ஈரப்பனி சிமெண்ட் மாதிரி இறுகிக்கொண்டது. தோண்டி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் மனைவி கோரின் அழவில்லை. அவனுடைய காலுறைகளைத் துவைத்துக் காயப்போடுகிறாள். "ராய்ஸ்கிட்ட சொல்லியாச்சா? அவன் பார்த்துக்கிட்டே இருப்பானே" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

ரென்னிடம் இப்போது சொல்லாதே. அவள் காலில் முதன்முதலாகச் சறுக்குக்கட்டை மாட்டிவிட்டவன் அவன். வரும் வழியில் கண்ணீரோடு அவளால் அந்தச் சரிவின் அடியைக் கடக்க முடியாது. கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அது பொய்யுமில்லை, எனக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. இன்று இரவு பனி இறுகியதும் மளிகை மூட்டையோடு கடிதத்தையும் கொண்டுவரும் ஐக் வாய் திறக்க மாட்டேன் என்றிருக்கிறான். ஆனால் அவன் முகம் பொய் சொல்லாது, ரென்னை அவனோடு பேச விடாதே.

இன்று இரவு மட்டும் வானம் வெளுத்துப் பனி உறையுமாம். நாளை மதியத்திலிருந்து மறுபடி மேகம், மழை. கிளம்பும் முன் பனியைப் பூட்ஸால் ஓங்கி மிதித்துப் பார். கால் புதைந்தால் கிளம்பாதே. மரங்களுக்கு நடுவே குடிலிலேயே இரு, எத்தனை நாளானாலும் நான் பொறுத்துக்கொள்கிறேன். ரென் "ஆன் பண்ணிட்டேம்ப்பா" என்பாள். நம்பாதே. அவளுடைய பீக்கன் சத்தத்தை உன் காதால் கேள். சரிவுக்கு அடியில் ஒருவர் ஒருவராகத்தான் கடக்க வேண்டும், மற்றவர் மரத்தடியில் நின்று கண் இமைக்காமல் பார்க்க வேண்டும்.

நீ முணுமுணுப்பாய் என்று தெரியும். "கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு, பல்லெல்லாம் ஆடுது, இதுல என்னடி சுகம்" என்பாய். ஆடட்டும். பல் போனால் கட்டிக்கொள்ளலாம்.

சோளம்தானே உனக்கு வேண்டும்? அடுப்பில் வைத்து, வெண்ணெய் தடவி, எவ்வளவு பதமாகக் கேட்டாலும் வேகவைத்துத் தருகிறேன். மலைமேல் மட்டும் அதற்காகக் காத்திருக்காதே. நம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, வேகாத பனியிலேயே வந்துவிடு. கடவுள் உங்களுக்கு ஓரடி முன்னால் நடக்கட்டும்.

வாசலையே பார்த்திருக்கும்,
நடீன்