மூன்று விடுதிகளில் சின்னது

நண்பா,

போன சனிக்கிழமை விபோர்க்கில் ஒரு தளபாடக் கடைக்குள் நின்றேன். மகள் தன் புது வீட்டுக்கு விரிப்புப் பார்க்க வந்திருந்தாள். ஒரு மூலையில் யப்பானியக் கோரைப்பாய்களைச் சுருட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள். கடந்து போகும்போது ஒரு மணம் வந்தது. வெட்டிக் காயவைத்த புல்லில் மழை பட்டதுபோல. நான் குனிந்து முகர்ந்ததைப் பார்த்துவிட்டு, வாங்கப் போகிறீர்களா என்று மகள் டேனிஷில் கேட்டாள். இல்லை என்றேன். அந்த மணத்தை நான் அதற்கு முன் ஒருநாளும் முகர்ந்ததில்லை. ஆனாலும் உடனே தெரிந்தது. நீ அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தாய்.

நீ இறந்துபோய் எட்டு மாதமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எண்பதுகளின் நடுவில், நம் இரண்டாவது குளிர்காலம். இரண்டு அறை வீட்டில் நீயும் நானும். யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் நீ மரம் தேய்த்தாய், நான் வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். ஊரில் நீ தொலைபேசி இலாகாவில் இருந்தவன். புலமைப்பரிசில் கிடைத்து யப்பானின் வடக்கில், பனி கொட்டும் ஒரு பட்டினத்தில் ஒரு வருடம் பயிற்சி பெற்றவன். தொழிற்சாலையில் அதை ஒருவருக்கும் நீ சொல்லவில்லை. ஏனென்று கேட்டால், "மரம் தேய்க்கிறதுக்கு அது தேவையோ?" என்பாய்.

ஒருநாள் சாப்பாட்டு அறையில் நம் ஃபோர்மன் யோர்கன் யப்பானிய எழுத்தில் மூன்று விளம்பரத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். காலையில் "கொமோர்ன்" என்ற டேனிஷ் காலை வணக்கத்துக்கு மேல் நம்மோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர். நீ கோப்பையோடு அவரைக் கடந்து போனவன் நின்றாய்.

"தலைகீழா வைச்சிருக்கிறீங்கள்" என்றாய்.

அவர் தாளையும் பார்த்தார், உன்னையும் பார்த்தார். "உனக்கு இது வாசிக்கத் தெரியுமோ?"

"கொஞ்சம்."

அந்த ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்குப் போனோம். டென்மார்க்கில் நாம் கால்வைத்த முதல் டேனிஷ் வீடு அது. அவருடைய மனைவி கிர்ஸ்தன் கோப்பியும் கேக்கும் வைத்தார். கதையைச் சொன்னதும் அவர்தான். ஒரே மகன். யப்பானுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே ஒரு பெண்ணை மணந்துகொண்டான். யோர்கனுக்கு அது பிடிக்கவில்லை, கலியாணத்துக்குப் போகவில்லை. மூன்று வருடமாக அப்பனும் மகனும் பேசவில்லை. இப்போது அந்த மருமகள்தான் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதியிருந்தாள். முன்பு அப்பாவும் மகனும் ஒவ்வொரு வருடமும் நோர்வேக்குப் பனிச்சறுக்கப் போவீர்களாமே, இந்தப் பெப்ரவரி இங்கே வாருங்கள், நான்கு பேரும் மலைக்குப் போவோம். ரியோகன் என்ற பழைய பாணி விடுதிகள் மூன்று பார்த்திருக்கிறேன், பிடித்ததைச் சொல்லுங்கள் என்று.

நீ ஒவ்வொரு தாளாக விரலை வைத்து வாசித்தாய். முதலாவது பெரியது. சறுக்கும் சரிவு வாசலிலேயே தொடங்குகிறது. பாய் விரித்த அறைகளோடு கட்டில் போட்ட அறைகளும் உண்டு. சாப்பாடு பொது மண்டபத்தில். இரண்டாவது மிகப் பழையது, தோட்டத்துக்குப் பெயர்பெற்றது. மூன்றாவதில் மொத்தமே ஆறு அறைகள். ஒரு கணவனும் மனைவியும் நடத்துவது. சரிவுக்குக் கால்மணி நேரம் நடக்கவேண்டும். நான்கு பேருக்கும் ஒரே அறை. பகலில் நடுவே ஒரு பதிந்த குட்டை மேசை, அதன் அடியில் கணப்பு, மேலே போர்வை. எல்லோரும் கால்களை அதற்குள் நீட்டிக்கொண்டு உட்காரவேண்டும். சாப்பாடும் அங்கேயே வரும். பிறகு மேசையை ஒதுக்கி, பாயின்மேல் மெத்தை விரிப்பார்கள். அந்தப் பாயின் மணத்தை நீ அன்றைக்குத்தான் சொன்னாய்.

"முதலாவதுதான்" என்றார் யோர்கன். "என்ர முழங்கால் சரியில்லை. எனக்குக் கட்டில் வேணும்."

நீ தாளை மடித்து வைத்தாய். "நீங்கள் சறுக்கப் போறீங்களோ, மகனோட கதைக்கப் போறீங்களோ?"

மேசைக்குக் கீழே நான் உன் காலை மிதித்தது உனக்கு நினைவிருக்கும். யோர்கன் கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். எழுந்து வெளியே போனார். முற்றத்தில் அவர் பனி அள்ளிக் கொட்டுவது யன்னலால் தெரிந்தது. அள்ளவேண்டிய அளவுக்குப் பனி அங்கே இருக்கவில்லை. கிர்ஸ்தன் மிச்சக் கேக்கைத் தாளில் சுற்றி உன் கையில் தந்தார்.

திரும்பி நடக்கும்போது வழிநெடுக உன்னைத் திட்டினேன். "வேலை போச்சு. உனக்கென்ன, அவன்ர குடும்பக் கதை? ஒண்டைக் காட்டிப்போட்டு வந்திருக்கலாம்."

நீ கேக் பொதியை மறு கைக்கு மாற்றினாய். பிறகு சொன்னாய்: "நானும் அப்பாவும் ரெண்டு வருஷம் கதைக்கேல்லை. ஒரே வீடுதான், மச்சான். ஆனா பெரிய வீடு. அவர் முன்வாசலால வருவார், நான் பின்வாசலால போவன். வீடு சின்னனா இருந்திருந்தா எங்கேயாவது முட்டுப்பட்டுக் கதைச்சிருப்பம். அதுக்குள்ள அவர் செத்துப்போனார்."

உன்னோடு ஒரு வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை யோர்கன் நேராக உன் மேசைக்கு வந்தார். எல்லாம் முடிந்தது என்று நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். "மூண்டாவது" என்றார். "விடுதிக்குக் கடிதத்தை நீயே எழுது."

யப்பானிய எழுத்துகள் உனக்குப் பாதி மறந்துபோயிருந்தன. யன்னல்களைச் சுற்றும் மண்ணிறத் தாளில் நாலு இரவு எழுதிப் பார்த்தாய். பெரியவருக்கு முழங்கால் நோவு, மூன்று மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள், நிலத்தில் வைக்கும் சாய்மானக் கதிரை ஒன்று தாருங்கள் என்று கேட்டாய். அவர் புறப்பட முந்தின வாரம் சாப்பாட்டு அறையில், அந்த விடுதிகளில் எல்லோரும் இறங்கிக் குளிக்கும் வெந்நீர்த் தொட்டியின் ஒழுங்குகளைச் சொல்லிக்கொடுத்தாய். வெளியே இருந்து சவர்க்காரம் போட்டுக் கழுவி முடித்துத்தான் உள்ளே இறங்கலாம். உள்ளே துவாய் நனையக்கூடாது. ஃபோர்மன் உடுப்போடு ஒரு ஸ்ரூலில் இருந்து குளிப்பதுபோலச் செய்து காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். அன்றுதான் அவர்கள் உன் முழுப் பெயரைக் கேட்டுச் சரியாக உச்சரிக்கப் பழகினார்கள்.

திரும்பி வந்த யோர்கன் மதியம் நமக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். முதல் மூன்று நாளும் மகன் ஒரு சரிவில், தான் ஒரு சரிவில் என்றார். நாலாம் நாள் பனிப்புயல். எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். நான்கு பேரும் அந்த ஒரு மேசைக்குள் கால் நீட்டிக்கொண்டு காலையிலிருந்து இருந்தார்களாம்.

"அவன்ர கால் என்ர காலில பட்டது. 'முழங்கால் எப்பிடி?' எண்டு கேட்டான்." பாண் துண்டை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

மகன் டென்மார்க்குக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் மாதம் ஒரு கடிதம் வந்தது; பேத்தி பிறந்தபோது யோர்கனும் கிர்ஸ்தனும் மறுபடி போனார்கள். அந்தக் கோடையில் யோர்கன் உன்னைத் தன் காரில் ஏற்றித் தொலைபேசி நிறுவனத்தில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் கூட்டிப்போனார். ஓய்வு பெறும்வரை நீ கம்பிகளோடுதான் இருந்தாய். எனக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். என் மகன் படிப்பை இடையில் விட்டதும் நானும் அவனும் பேச்சை நிறுத்தினோம். நீ கேட்டபோதெல்லாம் "சுகமா இருக்கிறான்" என்று மழுப்பினேன். நீ போன பிறகு, இந்த ஈஸ்டர் விடுமுறைக்கு, மேற்குக் கரையில் ஒரு கோடைவீட்டை வாடகைக்கு எடுத்தேன். பெரிய வீடுகளும் இருந்தன. ஒற்றை அறை உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். கடலைப் பார்க்க என்று மனைவியைக்கொண்டு அவனை வரவழைத்தேன்.

முதல்நாள் முழுக்க மழை. அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் சாப்பிடும்போது, எதற்கும் டேனிஷில் பதில் சொல்லும் பிள்ளை, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அப்பா, அந்த உப்பை ஒருக்கா எடுங்கோ" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். மழை விடவில்லை. மூன்றாம் நாள் சாமான்களை அடுக்கும்போது, இன்னும் ஒருநாள் இருப்போமா என்று அவன்தான் கேட்டான்.