ஒரே பெயர் சொன்ன இரண்டு மெஷின்கள்

நேற்று சாயங்காலம் வீடெல்லாம் ஈயம் உருகுகிற வாசனை. என் மகன் ஆல்பர்ட் சாப்பாட்டு மேஜையில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்ன போர்டுகளைப் பரப்பி வைத்திருந்தான். தண்ணீர் மோட்டாரைத் தூரத்தில் இருந்தே போடவும் நிறுத்தவும் செய்கிற போர்டுகளாம். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான்.

"ரெண்டு போர்டுக்கு ஒரே அட்ரஸைப் போட்டு அனுப்பியிருக்கானுங்கம்மா. ஒண்ணைக் கூப்ட்டா இன்னொண்ணு பதில் சொல்லுது."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அவன் எழுந்து வந்து முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, "இன்னாமா ஆச்சு?" என்றான். அவனிடம் எங்கிருந்து தொடங்குவது? நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதைக் கேட்டு என்னோடு சேர்ந்து சிரிக்க இருந்தவள் நீ ஒருத்திதான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு அப்போதுதான் ராயபுரத்தில் கருவாடும் காய்ந்த எறாவும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் டெலெக்ஸ் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. டைப்ரைட்டரும் டெலிபோனும் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை மாதிரி ஒரு மெஷின். இங்கே அடித்தால் கொழும்பில் அச்சாகும். அது வந்த அன்று முதலாளி பெரியநாயகம் குருவானவரைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்லி, மாலையும் போட்டார். மாலையின் நார் உள்ளே சிக்கி முதல் நாளே மெஷின் நின்றது வேறு கதை.

அந்த மெஷினின் வயிற்றுக்குள் ஒரு சின்ன உருளை இருக்கும். அதைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி வரிசை வரிசையாகப் பற்கள். எந்தப் பல்லை உடைக்கிறோம், எதை விடுகிறோம் என்பதை வைத்து ஒவ்வொரு எழுத்தாக மெஷினுக்குப் பெயர் வைப்பார்கள். தூரத்தில் இருப்பவன் 'யார் நீ' என்கிற பட்டனைத் தட்டினால் நம் மெஷின் நம்மைக் கேட்காமலே உருளையைச் சுற்றித் தன் பெயரைச் சொல்லிவிடும். எங்கள் மெஷினின் பெயர் ஜோனாபிஷ். மீன் விழுங்கிய தீர்க்கதரிசியின் பெயரை மீன் கம்பெனிக்கு வைத்ததில் முதலாளிக்கு அப்படி ஒரு பெருமை.

மெஷின் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் முதலாளி என் மேஜை முன்னால் வந்து நின்றார். முகம் வேக வைத்த நண்டு போலச் சிவந்திருந்தது.

"பிலோமினா, கொழும்பு ஆளு பெரிய ஆர்டர் அனுப்பிக்கிறான். பதில் வரலன்னு டிரங்கால் போட்டுத் திட்றான். எங்க அந்தப் பேப்பர்?"

"வரலீங்க மொதலாளி."

"வரலியா? அனுப்பறதுக்கு முன்னாடி பேர் கேட்டானாம். ஜோனாபிஷ்னு பதில் வந்துதாம். நம்ம மெஷின் பொய் சொல்லுமா? நீ எங்கயோ தொலச்சிட்டே."

மேஜைக்கு அடியில், குப்பைக் கூடையில், கடைசியில் அந்தோணியார் படத்துக்குப் பின்னால்கூடத் தேடினேன். கிடைக்கவில்லை. சனிக்கிழமைக்குள் ஆர்டர் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே இருந்துகொள் என்று சொல்லிவிட்டார். அப்பா துறைமுகத்தில் கால் முறிந்து படுத்திருந்த சமயம் அது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் நீ வந்தாய். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் சுருட்டிய காகிதத்தோடு, மூக்கைப் பொத்தியபடி வாசலில் நின்றாய்.

"இங்க ஜோனாபிஷ்னு யாரு?"

"கம்பெனி பேரு. நீங்க?"

"நான் எர்ணாவூர் பெயிண்ட் கம்பெனி டெலெக்ஸ். ஒன் கருவாட்டு ஆர்டர் என் மெஷின்ல வந்துகீது, ராயபுரம்னு போட்டு. பஸ்ஸ வுட்டு எறங்கி யாரையும் வயி கேக்கல. வாசனை புட்ச்சிக்கினே வந்துட்டேன்."

காகிதத்தைப் பிரித்தேன். கொழும்பு ஆர்டர்! உன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். நீ பயந்து பின்னால் நகர்ந்து, "ஐயே, இன்னா இது, நான் போஸ்ட்மேன் வேலதான் பாத்தேன்" என்றாய். அப்புறம்தான் காகிதத்தின் அடியைப் பார்த்தேன். லைன் அறுந்த பிறகு, அவனுக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தே நீயும் ஒரு வரி அடித்திருக்கிறாய்: 'கருவாடு இல்லை. பச்சை பெயிண்ட் இருக்கிறது. வேண்டுமா?'

நான் டிரங்கால் போட்டு ஆர்டரை உறுதி செய்து முதலாளியின் முகத்தைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்த பிறகு, இருவரும் டீ குடித்தபடி யோசித்தோம். உங்கள் எண்ணுக்கும் எங்கள் எண்ணுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. கொழும்பு ஆபரேட்டர் தப்பாகச் சுற்றியிருக்கிறான். சரி. ஆனால் பெயர் கேட்டபோது உன் மெஷின் எப்படி ஜோனாபிஷ் என்றது? எங்கள் மெஷினைப் பெயர் சொல்ல வைத்துக் காட்டினேன். JONAFISH என்று அச்சானது. நீ டீயைக் கீழே வைத்துவிட்டாய்.

"யா அல்லா! என்னுதும் இதே தான் அடிக்கிது. கூப்புட்றவன் தேட்ற ஆளு பேருன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

இரண்டு மெஷினையும் ஒரே நாளில் மாட்டிய மெக்கானிக், ஒரே சீட்டைப் பார்த்து இரண்டு உருளையிலும் பல்லை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார். உன் கதை என் கதையைவிட மோசம் என்று அப்போதுதான் தெரிந்தது. பம்பாய் ஹெட் ஆபீஸ் உங்களை அழைக்கும், பெயர் கேட்கும், 'மீன்' என்று பதில் வந்ததும் தப்பான இடம் என்று வைத்துவிடும். மெஷின் வந்த நாளிலிருந்து உங்களுக்கு ஒரு ஆர்டர்கூட வரவில்லை. உன் மானேஜரோ நீ மெஷினைக் கெடுத்துவிட்டாய் என்று உன் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கைப் பிடித்தோம். அவர் அசரவில்லை. "ஒடச்ச பல்ல ஒட்ட முடியாதும்மா. புது உருள கல்கத்தாலருந்து வரணும். பொங்கலுக்குள்ள வந்துடும்" என்றார். அப்போது ஆடி மாதம்.

"பொங்கலுக்கு நான் வூட்ல பொங்கினு இருப்பேன்" என்றாய் என்னிடம். "ஒட்டத்தான முடியாது? இன்னும் ஒடைக்கலாம் இல்ல?"

அந்த யோசனை உன் தலையில் மட்டும்தான் உதித்திருக்கும். ஓர் எழுத்துக்கு உரிய பற்கள் எல்லாவற்றையும் உடைத்துவிட்டால் அந்த எழுத்து அச்சாகாது என்று மெக்கானிக் வாயிலிருந்தே கறந்திருந்தாய். மீனைத் தூக்கிவிட்டால் வெறும் ஜோனா மிச்சம். உங்கள் மெஷினுக்கு இனி ஜோனா என்றுதான் பெயர் என்று பம்பாய்க்குச் சொல்லிவிட்டால் போயிற்று.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். மானேஜர் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து எர்ணாவூருக்கு வந்தேன். உங்கள் கம்பெனி வாசலில் மாட்டுக்கொம்புகூடப் பச்சையாக இருந்தது நினைவிருக்கிறதா? பெயிண்ட் டப்பாவில் தலையை விட்ட மாடு. நீ மெஷினின் மூடியைக் கழற்றி, புருவம் திருத்துகிற சின்ன இடுக்கியோடு தயாராக இருந்தாய்.

"எந்தப் பல்லுமே?"

"அஞ்சாவது எழுத்து. ரெண்டாவது பல்லு. மாதாவே, பாத்து!"

டக். முதல் பல் விழுந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பெயர் கேட்டுப் பார்த்தோம். JONAKISH என்றது.

"மீனுக்கு ஜல்பு புட்ச்சிகிச்சி பிலோ. தும்முது பாரு. கிஷ்!"

தரையில் உட்கார்ந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே அடுத்த பல்லுக்கு இடுக்கியை நீட்டினாய். ஜோனாவின் கடைசி எழுத்தை உடைத்துவிடுவாயோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. ஒவ்வொரு பல்லாக விழுந்தது. கடைசியில் பட்டனைத் தட்டினோம். JONA. அவ்வளவுதான். நீ நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எங்க யூனுஸ் நபிதான் உங்க ஜோனா. மீன் வவுத்துலருந்து வெளிய எட்தாச்சி" என்றாய்.

உடனே பம்பாய்க்கு மானேஜர் அனுப்புவது போலவே செய்தி அடித்தாய். உன் இங்கிலீஷைப் பற்றி இப்போது பேச வேண்டாம். 'திஸ் இஸ் ஜோனா. ப்ளீஸ் டாக் வித் ஜோனா' என்று இருந்தது. அடித்து முடித்து மூடியை மாட்டுவதற்குள் கதவு திறந்தது.

டை கட்டிய மானேஜர். திறந்த மெஷின், தரையெல்லாம் உடைந்த பற்கள், கையில் இடுக்கியோடு நீ, பக்கத்தில் நான். அவர் மூக்கு இரண்டு முறை சுருங்கியது. பெயிண்ட் வாடையையும் தாண்டி என் மேல் வீசிய கருவாட்டு வாடை அவரை எட்டியிருந்தது.

"யார் இது?"

"மெஷின் டாக்டர் சார்" என்றாய் சற்றும் யோசிக்காமல்.

"டாக்டர் மேல ஏன் மீன் நாத்தம்?"

நீ இடுக்கியை முந்தானைக்குள் மறைத்தாய். அவர் கையை வாசல் பக்கம் நீட்டினார். "போதும். ரெண்டு பேரும் வெளியே போங்க. நீ திங்கட்கிழமை வர வேண்டாம்."

நீ அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் வைத்தாய். உன் கண்கள் மட்டும் மெஷினை விட்டு நகரவில்லை. நாம் கதவை எட்டியபோது மணி அடித்தது. பம்பாய். உருளை சுற்றி, JONA என்று பதில் சொன்னது. மூவரும் அசையாமல் நின்றோம். லைன் அறுந்துவிடவில்லை. மெஷின் கடகடவென்று அடிக்க ஆரம்பித்து, நிற்காமல் அடித்தது. ரயில் பெட்டிகளுக்குச் சிவப்பு, கப்பல்களுக்குச் சாம்பல், இத்தனை டின், அத்தனை டின் என்று தேங்கிக் கிடந்த ஆர்டரெல்லாம் காகிதமாகத் தரைக்கு இறங்கியது. மானேஜர் குனிந்து படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"'வெல்கம் மிஸ்டர் ஜோனா. வீ ஆர் ஹேப்பி டு ஹேவ் எ நியூ மானேஜர்.' யாரும்மா இந்த ஜோனா?"

நீ பையைக் கீழே வைத்தாய்.

"நீங்கதான் சார்."

அவர் காகிதத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடியும் ஆர்டர்களைப் பார்த்தார். டையைச் சரி செய்துகொண்டு, "தரையைக் கூட்டிடு" என்றார். வேலை தப்பியது. பொங்கல் தாண்டிப் புது உருளை வந்தபோது, 'இதுவே நன்றாக ஓடுகிறதே' என்று அவர் மாற்ற விடவில்லையாம். பம்பாயிலிருந்து புது வருஷ வாழ்த்து மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஜோனாவுக்கு வந்து, அவர் வீட்டம்மா யார் அந்த மிஸஸ் என்று கேட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்ததை நீ நடித்துக் காட்டுவாயே!

அதற்கப்புறம் உன் கல்யாணம், என் கல்யாணம், பிள்ளைகள், உன் சர்க்கரை, என் முட்டி. ஒரு நாள் நான் கேட்டேன்: "அன்னிக்கி ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே, எதுக்கு அவ்ளோ தூரம் பஸ்ல வந்தே?" நீ வெற்றிலையை மென்றுகொண்டே, "போன்ல சொன்னா சேதிதான் போய்ச் சேரும். நீ எனக்குக் கெடச்சிருப்பியா?" என்றாய்.

நீ இல்லாத இந்த வருஷத்தில் ஒன்று நடந்தது. கூரியர் பையன் ஒரு மருந்துப் பொட்டலத்தை என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். வீட்டு எண் எங்களுடையது, ஆனால் தெரு முகத்துவாரக்குப்பத்துப் பக்கம். போன் செய்தால் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றான் ஆல்பர்ட். நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவளுக்கு என் வயசு இருக்கும். மூச்சு வாங்குகிற உடம்பு. "இதுக்காவா இம்மாந்தூரம் வந்தே? முட்டிய வேற நொண்டிக்கினு வர்றே. உக்காரு" என்றாள். டீ போட்டாள். மருமகள் கலீஜாக மீன் கழுவுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவேன் என்று அவளும் கூடவே நடந்து வந்தாள், நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு.

சனிக்கிழமை நண்டு வாங்கி வைக்கிறாளாம், வரச் சொல்லியிருக்கிறாள். முட்டி வலிக்கத்தான் செய்யும். போகிறேன்.

உன்
பிலோ