என் பேரையும் சேர்த்த மஞ்சக் கடுதாசி

இந்தாங்க, வந்ததும் இதைப் படிங்க.

சோறு வடிச்சு வச்சிருக்கேன். கருவாட்டுக் குழம்பு உறியில இருக்கு, பூனைக்கு விட்டுடாதீங்க.

இந்தத் தெருவுல எந்த வூட்டுல என்ன நடந்தாலும் முதல்ல தெரிஞ்சுக்கறவ நான். அப்பேர்ப்பட்டவ, என் வூட்டுச் சேதியைக் குழாயடியில தெரிஞ்சுக்கறேன்! "என்னக்கா, புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா திவால் மனு குடுக்கப் போறீங்களாமே?"ன்னு வக்கீல் குமாஸ்தா பொண்டாட்டி கேக்கறா. சுத்தி இருந்தவளுங்க குடம் நிறைஞ்சு வழியறதுகூடத் தெரியாம என் வாயையே பாக்கறாளுங்க.

பருத்தி மண்டி வச்சதும் நீங்க, கடன் வாங்கினதும் நீங்க. கோர்ட்டுல கையை விரிக்கிறதுன்னா நீங்க மட்டும் விரிங்க. நான் குடுக்க வேண்டியது இந்தத் தெருப் பொம்பளைங்க என்னை நம்பிப் போட்ட சீட்டுப் பணம். அதுக்கும் கையை விரிச்சா, பக்கத்து வூட்டுக் கொளஞ்சியம்மா மவ கல்யாணம் நின்னுபோகும். ஒரே செலவுல முடியும்னு என்னையும் ஏத்திக்க, இது என்ன பழனிக்குப் போற பஸ்ஸா?

அரியலூருக்குப் போறேன். வக்கீல்கிட்ட மனுவுல என் பேரை அடிக்கச் சொல்லிட்டு, சீட்டுப் பணத்துக்காக என் பொறந்த வூட்டுச் சீதனப் பசுவை விக்க அண்ணன்கிட்ட பேசிட்டு வரேன்.

கடன்காரர் வந்தா கொல்லைப் பக்கம் ஓடாதீங்க. போன தடவை வேலியில கிழிஞ்ச வேட்டியை இன்னும் தைக்கலை.

மறந்துட்டேன்: சாவி குடுக்கும்போது கொளஞ்சியம்மா உங்களை ஒரு மாதிரி பாத்திருப்பா. திவால் உங்களுக்கு மட்டும்தான், சீட்டுப் பணம் பத்திரம்னு தெரு முழுக்க நானே சொல்லிட்டேன். நம்ம வூட்டுச் சேதியிலேயே இன்னொருத்தியை ரெண்டாந்தரம் முந்த வுடுவேனா?